இருட்டில் கைக்கு வருமா? வாசகர் கேள்வி பதில்

மழைக்கு முன்னால் வீட்டில் என்னென்ன வாங்கி வைக்கலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்குமேல் "எந்த பிராண்ட் நல்லது?" என்றுதான் இருக்கின்றன. பிராண்ட் பெயர் சொல்லப்போவதில்லை, மன்னிக்கவும். மற்றதைப் பேசுவோம்.

இணையத்தில் 'அவசரகாலப் பை' ஒன்று ஆறாயிரத்துச் சொச்சம் கொடுத்து வாங்கினேன். மொத்தம் 142 பொருட்கள் என்று போட்டிருக்கிறது. இது போதுமா, இன்னும் ஏதாவது சேர்க்க வேண்டுமா?
மடிப்பாக்கம் வாசகர்

சேர்ப்பது இருக்கட்டும், முதலில் பையை அப்படியே பாயில் கொட்டுங்கள். நூற்று நாற்பத்திரண்டில் நூறு, பிளாஸ்டரும் ஊக்கும் பஞ்சுக்குச்சியுமாக இருக்கும். எண்ணிக்கையைக் கூட்டிக் காட்ட இது சுலபமான வழி. அப்புறம் ஒரு கம்பி ரம்பம், ஒரு தூண்டில் முள், ஒரு திசைகாட்டி. மடிப்பாக்கத்தில் தண்ணீர் ஏறினால் வடக்கு எது என்று தெரியாமலா தவிக்கப்போகிறீர்கள்? மொட்டைமாடிக் கதவுச் சாவி எங்கே என்றுதான் தவிப்பீர்கள்.

2015 டிசம்பர் 1 ராத்திரி நான் வேளச்சேரியில் தரைத்தளத்தில் இருந்தேன். எங்கள் வீட்டிலும் 'எல்லாம்' இருந்தது. டார்ச் இருந்தது, ஆனால் இரண்டு வருஷமாக உள்ளேயே கிடந்த செல் கசிந்து, ஸ்பிரிங் பச்சை பூத்து, மூடியைத் திருகக்கூட முடியவில்லை. மெழுகுவர்த்தி இருந்தது, தீப்பெட்டி நமுத்துவிட்டது. வீட்டுப் பத்திரமும் பாஸ்போர்ட்டும் பீரோவின் கீழ்த்தட்டில். தண்ணீர் முதலில் எந்தத் தட்டுக்கு வரும் என்று நினைத்துப் பார்க்காமலேயே வைத்திருக்கிறோம்! வாசலில் கழற்றிவிட்ட செருப்பெல்லாம் மிதந்து போய்விட்டது. அடுத்த இரண்டு நாள் உடைந்த கண்ணாடியும் முள்ளும் கிடந்த சேற்றில் வெறுங்காலோடு நடந்தோம். எந்த 142 பொருள் பையிலும் ஒரு ஜோடி பழைய ஷூ இருப்பதில்லை.

உங்கள் பையில் விசிலை வைத்துக்கொள்ளுங்கள், அது நல்ல பொருள், தொண்டை கட்டினாலும் விசில் ஊதலாம். கத்தரிக்கோலால் ஒரு பழைய ஜீன்ஸ் துணியை வெட்டிப் பாருங்கள், வெட்டினால் வைத்துக்கொள்ளுங்கள். பளபளக்கும் வெள்ளித்தாள் போர்வை இருந்தால் இருக்கட்டும், நனைந்த குழந்தையைச் சுற்ற உதவும். மீதியை எடுத்துவிட்டு, வீட்டில் உள்ளவர்கள் தினமும் சாப்பிடும் மாத்திரை ஒரு வாரத்துக்கு (மருந்துச்சீட்டின் நகலோடு), ஆவணங்களின் நகல் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில், சில்லறையாக ரொக்கம், நாலைந்து ஓ.ஆர்.எஸ். பொட்டலம், மூக்குக்கண்ணாடி போட்டிருப்பவர்களுக்கு ஒரு பழைய கண்ணாடி, ஷூ. ரொக்கத்தை மறக்காதீர்கள். கரண்டும் டவரும் போன ஊரில் பால்காரரிடம் க்யூ.ஆர். அட்டையைக் காட்டி என்ன பயன்?

கடைசியாக, பையைத் தோளில் போட்டுக்கொண்டு மொட்டைமாடிவரை ஏறி இறங்குங்கள். மூச்சு வாங்கினால் இன்னும் கொஞ்சம் எடுத்துவிடுங்கள்.

20,000 எம்.ஏ.எச். பவர்பேங்க் வைத்திருக்கிறேன். 5,000 எம்.ஏ.எச். போனை நான்கு தடவை சார்ஜ் செய்யலாம்தானே? மிக்ஜாம் புயலின்போது இரண்டரைத் தடவைக்கே தீர்ந்துவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?
பள்ளிக்கரணை வாசகி

ஏமாற்று என்று சொல்ல முடியாது, பெரிய எழுத்து ஒன்று சின்ன எழுத்து ஒன்று என்கிற வழக்கமான வேலைதான். பெரிதாகப் போட்டிருக்கும் 20,000 என்பது உள்ளே இருக்கும் லித்தியம் செல்லின் கணக்கு, அது 3.7 வோல்ட்டில். வெளியே போனுக்கு வருவது 5 வோல்ட்டில். மாற்றும்போது கணக்கும் குறையும், கொஞ்சம் சூடாகவும் போகும். பவர்பேங்கைத் திருப்பி, கண்ணை இடுக்கிக்கொண்டு பின்பக்கம் படித்தால் 'ரேட்டட் கெப்பாசிட்டி' என்று 12,000 பக்கமாக ஒரு எண் இருக்கும். அதுதான் உங்கள் கைக்கு வரும் எண்.

அதைவிட முக்கியம், புயல் அறிவிப்பு வந்த அன்று அதில் எவ்வளவு இருந்தது என்பது. சும்மா கிடந்தாலும் மெதுவாக இறங்கும், மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது ஏற்றிவையுங்கள். ஒயரை பவர்பேங்கோடு சேர்த்து ரப்பர் பேண்டு போட்டு வையுங்கள். எங்கள் மாடியில் ஒருவர் முழு பவர்பேங்கை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் ஒயர் தேடினார். வீட்டில் நாலு ஒயர் இருந்தது, நாலும் பழைய சார்ஜர் முனை.

எந்த டார்ச் வாங்கலாம் என்றும் கடிதத்தில் நீங்கள் கேட்டிருப்பதால்: சார்ஜ் டார்ச் ஒன்று, சாதாரண பென்சில் செல் போடுவது ஒன்று, இரண்டும் வேண்டும். செல்லைக் கழற்றி, அதே டார்ச்சோடு பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள், கசிந்தாலும் டார்ச் பிழைக்கும். தலையில் மாட்டும் டார்ச் கிடைத்தால் அதையே வாங்குங்கள். குழந்தையை ஒரு கையிலும் கைப்பிடிச்சுவரை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு இறங்குகிறவருக்கு மூன்றாவது கை ஏது? டப்பாவில் ஐ.பி.எக்ஸ்.4 என்றிருந்தால் மழைச்சாரல் தாங்கும் என்று அர்த்தம், ஐ.பி.எக்ஸ்.7 என்றிருந்தால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்க வேண்டும். வாங்கிய அன்றே வாளியில் போட்டுப் பாருங்கள். கடைக்காரர் மாற்றித் தருகிற காலத்துக்குள் கெட்டால் லாபம்தானே.

வெள்ளம் வந்தால் மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும் என்று தெரியும். எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருப்பதால் அணைத்த பிறகும் விளக்கு எரியும், அதனால் பயமில்லை.
முடிச்சூர் வாசகர்

நீங்கள் கேள்வியே கேட்கவில்லை, ஆனாலும் பதில் சொல்லாமல் விட முடியாது. மெயினை அணைத்ததும் இன்வெர்ட்டர் 'கரண்ட் போய்விட்டது' என்று நினைத்துக்கொண்டு பேட்டரியிலிருந்து வயரிங்குக்கு மின்சாரம் அனுப்ப ஆரம்பிக்கும். அதுவும் வீட்டு மின்சாரம் போலத்தான் பிடிக்கும். முழங்கால் தண்ணீரில் நிற்கும்போது கீழ் பிளக்கில் அது ஓடிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் வாசற்படி தாண்டும் முன்பே, காய்ந்த தரையில் நின்றுகொண்டு, மெயின், அப்புறம் இன்வெர்ட்டரின் சுவிட்ச், இரண்டையும் அணைக்க வேண்டும். ஏற்கெனவே தண்ணீரில் நிற்கிறீர்கள் என்றால் சுவிட்ச் பக்கமே போகாதீர்கள். இன்வெர்ட்டரும் பேட்டரியும் தரையோடு தரையாக இருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு இந்த மாதமே மேலே ஏற்றுங்கள்.

எங்கள் தெருவில் இளைஞர்கள் சேர்ந்து ஆறு லைஃப் ஜாக்கெட்டும் நூறு அடி நைலான் கயிறும் வாங்கியிருக்கிறோம். வேறு என்ன வாங்கலாம்? கையில் இன்னும் பதினைந்தாயிரம் இருக்கிறது.
கடலூர் வாசகர்

பதினைந்தாயிரத்தை அப்படியே வையுங்கள். முதலில் ஆறு ஜாக்கெட்டையும் நீச்சல்குளத்துக்கு எடுத்துப்போய், நீச்சல் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்க, ஆறு பேர் போட்டுக்கொண்டு இறங்குங்கள். தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அளவு சரியில்லை, அல்லது வாரை இறுக்கவில்லை. பெரும்பாலும் வாரை இறுக்காததுதான் காரணம், படகுச்சவாரிக்குப் போகிறவர்கள் தொளதொளவென்று மாட்டிக்கொண்டு செல்ஃபி எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஜாக்கெட்டின் உள்பக்கம் எத்தனை கிலோ எடைக்கு என்று எழுதியிருக்கும், மிதக்கும் திறன் நியூட்டனில் போட்டிருக்கும். 50 நியூட்டன் என்பது நீந்தத் தெரிந்தவருக்கு ஓர் உதவி, அவ்வளவுதான். நீந்தத் தெரியாதவருக்கு 100, அதற்கு மேல் பாருங்கள். எதுவும் எழுதாத ஆரஞ்சுத் துணி என்றால் அது வெறும் சட்டை. குழந்தைகளுக்குத் தனி அளவு உண்டு, பெரியவருடையதை மாட்டினால் குழந்தை கீழே வழுக்கிவிடும்.

நைலான் கயிறு மாடு கட்ட நல்லது. தண்ணீரில் அது அமிழ்ந்துவிடும், நனைந்தால் வழுக்கும், பலமும் கொஞ்சம் குறையும். மீன்பிடிச் சாமான் விற்கும் கடையில் மிதக்கிற கயிறு என்று கேட்டால் பாலிப்ரொப்பிலீன் கயிறு தருவார்கள். கடலூர்க்காரருக்கு நான் சொல்லவா வேண்டும், துறைமுகத்தில் எந்த மீனவரைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு சுருக்கு விழாத முடிச்சு போட்டுக் காட்டுவார். ஒரு சாயங்காலம் அவரிடம் போய் உட்காருங்கள், டீ வாங்கிக் கொடுங்கள். ஐம்பது தடவை போட்டுப் பழகினால் கை தானாகப் போடும்.

அப்புறம் ஐந்து லிட்டர் எண்ணெய் கேன். மூடியை இறுக்கி, கைப்பிடியில் கயிற்றைக் கட்டி, உள்ளே ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும் விட்டால் எறிய ஒரு கனம் கிடைக்கும், மிதக்கவும் செய்யும். காசு செலவில்லை. ஆனால் எறிந்து பார்க்க வேண்டும்! முதல் தடவை எறிகிறவர்கள் ஆளின் தலையைப் பார்த்து எறிவார்கள், அல்லது கயிற்றை மொத்தமாகக் கையைவிட்டு எறிந்துவிடுவார்கள், நானே எறிந்திருக்கிறேன். ஆளைத் தாண்டி விழுகிற மாதிரி எறிந்து, தோள்மேல் கயிறு போகிற மாதிரி இழுத்துவர வேண்டும். கயிற்றின் முனையை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடுகிற தண்ணீரில் இறங்குவது சினிமாவில் நன்றாக இருக்கும். நிஜத்தில் கயிறு எங்காவது சிக்கினால் வேகம் ஆளை அமுக்கிவிடும், அவிழ்க்க முடியாது. முதலில் கம்பு நீட்டு, எட்டாவிட்டால் கேன் எறி, அதுவும் முடியாவிட்டால் அவசர உதவி எண் 112. வேகமாக ஓடும் தண்ணீர் அரையடி இருந்தாலே ஆளைச் சாய்க்கும். இரண்டடி வந்தால் பெரும்பாலான கார்களை இழுத்துப்போகும்.

அந்தப் பதினைந்தாயிரத்தை என்ன செய்வது என்றால், உங்களில் இருவரை மாவட்டப் பேரிடர் மேலாண்மை அலுவலகத்தில் 'ஆப்தமித்ரா' பயிற்சி எப்போது நடக்கிறது என்று விசாரிக்கச் சொல்லுங்கள். பேரிடர் நேரத்தில் உதவும் தன்னார்வலர்களுக்கான பன்னிரண்டு நாள் பயிற்சி, தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் திட்டம். போகிறவர்களுக்கு அந்த நாட்களின் கூலி இழப்பை அந்தப் பணத்திலிருந்து கொடுங்கள்.

கஜா புயலில் எங்கள் தோப்பில் எண்பது தென்னை சாய்ந்தது. ரம்பத்துக்கு ஆள் கிடைக்காமல் பத்து நாள் வீட்டைவிட்டு வண்டி எடுக்க முடியவில்லை. இப்போது பெட்ரோல் ரம்பம் வாங்கிவிட்டேன். இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை.
பட்டுக்கோட்டை வாசகர்

பிரியுங்கள் ஐயா, இன்றைக்கே. 2018 நவம்பர் 16க்குப் பிறகு டெல்டாவில் பணம் கொடுத்தும் கிடைக்காத பொருள் அதுதான், நீங்கள் வாங்கியது சரி. ஆனால் இது டூ ஸ்ட்ரோக் இயந்திரம், பெட்ரோலில் எண்ணெய் கலக்க வேண்டும், எத்தனைக்கு எத்தனை என்று கையேட்டில் இருக்கும். சங்கிலிக்கு விடும் எண்ணெய் வேறு, அதற்குத் தொட்டியும் வேறு. கலந்த பெட்ரோலைத் தொட்டியிலேயே விட்டு ஆறு மாதம் மூலையில் போட்டால் கார்புரேட்டர் பிசின் பிடித்துவிடும். வேலை முடிந்ததும் தொட்டியைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓடவிட்டு வையுங்கள்.

இயந்திரத்தைவிட மரத்துக்குப் பயப்படுங்கள். புயலில் சாய்ந்த மரம் சும்மா படுத்திருப்பதில்லை, வில் மாதிரி வளைந்து இழுபட்டுக் கிடக்கும். அமுங்கின பக்கம் எது, இழுபட்ட பக்கம் எது என்று பார்க்காமல் வெட்டினால் ஒன்று ரம்பம் சிக்கிக்கொள்ளும், அல்லது தண்டு எகிறி அடிக்கும். ரம்பத்தின் மூக்கின் மேல்பாதி எதிலாவது பட்டால் முகத்தை நோக்கித் துள்ளும். மழை இல்லாத நாளில், இந்த வேலையே பிழைப்பாக இருக்கும் ஒருவரைக் கூலிக்குக் கூப்பிட்டு, பட்டுப்போன மரம் ஒன்றைச் சேர்ந்து வெட்டுங்கள். கண்ணுக்கும் காதுக்கும் மறைப்பு, காலுக்குத் தடித்த ஷூ. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இதைத் தொடக் கூடாது. ஒயர் விழுந்து கிடந்தால் மின்வாரியத்தார் வந்து பார்க்கும்வரை அந்த மரம் அப்படியே கிடக்கட்டும்.

அடுக்ககத்தில் தீயணைப்பான் மாட்டி நாலு வருஷம் ஆகிறது. முள் பச்சையில்தான் இருக்கிறது. அப்படியென்றால் வேலை செய்யும்தானே?
கோவை வாசகி

பச்சை என்றால் உள்ளே அழுத்தம் இருக்கிறது, அவ்வளவுதான் அது சொல்லும். தூள் கட்டிதட்டியிருக்கிறதா, குழாய்க்குள் குளவி கூடு கட்டியிருக்கிறதா என்றெல்லாம் முள் சொல்லாது. எங்கள் குடியிருப்பில் நிஜமாகவே குளவிக்கூடு இருந்தது. மாதம் ஒருமுறை கழற்றித் தலைகீழாகத் திருப்பிக் குலுக்கி மாட்டுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கடைசியாகச் சர்வீஸ் செய்த தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள். மறுநிரப்புக்குக் கொடுக்கும்போது, கொடுப்பதற்கு முன் சங்கத்தில் எல்லாரையும் கீழே கூப்பிட்டு, பழைய தகரத் தட்டில் காய்ந்த சருகை எரித்து, ஆளுக்கு ஒன்றிரண்டு விநாடி அடிக்கவிடுங்கள். எப்படியும் வெளியே கொட்டப்போகிற தூள்தானே.

அப்போதுதான் தெரியும், நாலு கிலோ தீயணைப்பான் பத்துப் பதினைந்து விநாடிக்குள் தீர்ந்துவிடும் என்பது. ஊசியை இழுக்காமலே கைப்பிடியை அமுக்கி அமுக்கிப் பார்ப்பவர்கள் உண்டு. கைப்பிடியை அமுக்கிக்கொண்டே ஊசியை இழுத்தால் ஊசி வராது, அதுவும் கையில் எடுத்துப் பார்த்தால்தான் புரியும். சுடரின் உச்சியில் அடித்தால் தூள் வீண், அடியில் அடித்து இப்படியும் அப்படியும் வீச வேண்டும், முதுகுக்குப் பின்னால் வெளியே போகும் வழி இருக்க வேண்டும். வாணலி எண்ணெய் பற்றிக்கொண்டால் அடுப்பை அணைத்து, முடிந்தால் தட்டால் மூடுங்கள், தண்ணீர் ஊற்றவே கூடாது. கேஸ் வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, எந்த சுவிட்சையும் தொடாமல் வெளியே வந்து 1906க்குப் பேசுங்கள்.

வெள்ளத்தோடு பாம்பு வருகிறது. ரத்தப்போக்கை நிறுத்த இறுக்கிக் கட்டும் பட்டி (டூர்னிக்கே) என்று ராணுவத்தில் பயன்படுத்துவதை இணையத்தில் விற்கிறார்கள். பாம்புக்கடிக்கு இறுக்கிக் கட்ட வாங்கி வைக்கலாமா?
சிதம்பரம் வாசகர்

பாம்புக்கடிக்கு வேண்டவே வேண்டாம். கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். மோதிரம், கொலுசு, மெட்டியைக் கழற்றி, கடிபட்ட காலையோ கையையோ எலும்பு முறிந்தால் வைப்பதுபோல் ஒரு கட்டையோடு சேர்த்து அசையாமல் வைத்து, 108ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அந்தப் பட்டி வேறு விஷயத்துக்கு: கையோ காலோ வெட்டுப்பட்டு ரத்தம் பீய்ச்சி அடித்து, துணி வைத்து அழுத்தியும் நிற்காதபோது. மலிவான போலிகளில் முறுக்குகிற பிளாஸ்டிக் குச்சியே ஒடிந்துவிடுகிறது. செஞ்சிலுவைச் சங்கத்திலோ செயின்ட் ஜான் ஆம்புலன்ஸிலோ முதலுதவிப் பயிற்சி எடுத்துவிட்டு அப்புறம் வாங்குங்கள்.

இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். 2023 டிசம்பரில் நான்கு நாள் கரண்ட் இல்லை. ஐஸ் பெட்டி நல்லதாக ஒன்று சொல்லுங்கள்.
ஏரல் வாசகர்

பக்கத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழையல்லவா அது. ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு ரயிலே நின்றுபோனது. ஐஸ் பெட்டியில் ஒரு ஆபத்து உண்டு, ஐஸில் நேராகப் பட்டு உறைந்த இன்சுலினைப் போடக்கூடாது, தூக்கித்தான் போட வேண்டும். நம் ஊர் வழி இருக்கிறது: பெரிய மண்சட்டிக்குள் சின்ன மண்சட்டி, இடையில் மணல், மணலில் தண்ணீர், மேலே ஈரத்துணி. இன்சுலினை நனையாமல் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு உள்சட்டியில் வைக்கலாம். ஆனால் மழைக்காற்றில் ஈரம் அதிகம் என்பதால் கோடையில் குளிர்வதுபோல் குளிராது. பல வகை இன்சுலின் பிரித்த பிறகு ஃபிரிட்ஜ் இல்லாமலே, சூடு படாத இடத்தில், ஏறக்குறைய நான்கு வாரம் தாங்கும். உங்களுடையது எப்படி என்று மருத்துவரிடம் கேட்டு, டப்பாமேல் எழுதி ஒட்டிவிடுங்கள்.

ஹாம் ரேடியோ (தனிநபர்கள் இருபக்கமும் பேசிக்கொள்ளும் அமெச்சூர் வானொலி) வாங்கலாமா?
திருச்சி மாணவர்

தேர்வு எழுதி உரிமம் வாங்கிய பிறகு தாராளமாக. அதுவரை செல் போடும் எஃப்.எம். ரேடியோ ஒன்று போதும், டவர் போன பிறகும் வானொலி பேசும்.

ஒத்திகை பார்க்கலாம் என்றால் வீட்டில் சிரிக்கிறார்கள். நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?
அம்பத்தூர் வாசகர்

எங்கள் வீட்டிலும் சிரித்தார்கள். ஒரு ஞாயிறு ராத்திரி எட்டரைக்கு, சொல்லாமல் கொள்ளாமல் மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு, "தண்ணீர் வந்துவிட்டது, எல்லாரும் மொட்டைமாடிக்கு" என்றேன். அம்மாவுக்கு வயது 78, ஏறுகிறேன் என்று அவரே சொன்னதால் சேர்த்துக்கொண்டோம். பதினேழு நிமிஷம் ஆனது. டார்ச் எரிந்தது, பை தயாராக இருந்தது, ஆனால் மொட்டைமாடிச் சாவி இரண்டாவது மாடிக்காரரிடம், அவர் கல்யாணத்துக்குப் போயிருந்தார். ஆறாயிரம் ரூபாய்ப் பை வாங்கியிருந்தாலும் இது தெரிந்திருக்காது. இப்போது சாவி மாடிப்படி ஆணியில் தொங்குகிறது. இரண்டாவது தடவை ஒன்பது நிமிஷம். அம்மாவின் மாத்திரை டப்பாவைத் தேடியதில்தான் அதில் பாதி போனது, அதனால் மூன்றாவது தடவைக்குமுன் பையில் ஒரு தனி டப்பா போட்டுவிட்டோம்.

இந்த மாதமும் செய்யப்போகிறேன். எந்த ஞாயிறு என்று முன்கூட்டியே சொன்னால் சீரியல் பார்த்து முடித்துவிடலாம் என்று அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் இன்னும் சொல்லவில்லை.